பாண்டீஸ்வரியின் ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் எங்கள் ஆய்வு மையத்தில், புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு ஓடுகிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று உடம்பில் கருவி கட்டி அளப்பதுதான் மையத்தின் வேலை. ஓய்வு பெற்ற பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்கார வைத்து, கையில் டீயும் கொடுத்திருந்தார்கள். இப்போது வந்திருப்பது மணிக்கட்டில் கட்டும் பட்டை. குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம். எங்கள் காலத்தில் இடுப்பில் பெல்ட் கட்டினோம் என்று சொன்னதற்கே பிள்ளைகள் சிரித்தார்கள்.

வகுப்பெடுத்த தம்பி திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். "இது நம்ம மையத்துல ரொம்ப நாளாக் காட்டுற படம். பேப்பர்படி இது ஒரு பதினஞ்சு வயசுப் பொண்ணோட ஞாயித்துக்கிழமை. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இது பதினஞ்சு வயசா?"

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "சார், இது யாரோ ஒரு தாத்தா."

அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உங்க காலத்துப் படம்தானே சார்? யாரு அந்தத் தாத்தா?" என்று கேட்டாள்.

"எழுதித் தர்றேம்மா" என்றேன். இதோ எழுதுகிறேன். அந்தத் தாத்தா நான்தான்.

புள்ளியியல் படித்தவன் நான். படித்து முடித்து இருபது வருடம் வெவ்வேறு கணக்கெடுப்புகளுக்காக வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதினேன். "போன வாரம் எத்தனை நிமிஷம் வேகமா ஓடினே?" என்று கேட்டால், "நெறைய சார்" என்பான் பையன். அந்த "நெறைய"வை நிமிடமாக்குவது எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை. அதனால், அசைவை அளக்கும் கருவி ஒன்று வந்திருக்கிறது, அந்தத் திட்டத்துக்கு மேற்பார்வையாளர் வேண்டும் என்று ஆள் எடுத்தபோது ஓடிப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு வாரப் பயிற்சி. அதோடு திண்டுக்கல் டவுனும் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளும் என் பொறுப்பில் வந்தன.

கருவி தீப்பெட்டி அளவு இருக்கும். அதை ஒரு எலாஸ்டிக் பெல்ட்டில் கோத்து, வலது இடுப்பெலும்புக்கு மேலே வருகிற மாதிரி கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் சில்லு ஒவ்வொரு அசைவையும், உடம்பு நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதையும் பதிவு செய்துகொண்டே இருக்கும். திங்கள் காலை கட்டினால் அடுத்த திங்கள் காலை கழற்றுவோம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்றலாம். கழற்றிய நேரத்தைப் பிள்ளை ஒரு தாளில் எழுத வேண்டும். ஒரு நாளில் பத்து மணி நேரமாவது கட்டியிருந்தால்தான் அது நாள். அப்படி நான்கு நாள் வேண்டும். அந்த நான்கில் ஒன்று சனியாகவோ ஞாயிறாகவோ இருக்க வேண்டும். பள்ளி நாளில் பிள்ளையை ஓடவும் உட்காரவும் வைப்பது பள்ளிக்கூட மணி. விடுமுறை நாளில்தான் பிள்ளை தன் விருப்பப்படி இருக்கும். இந்தக் கடைசி விதியில்தான் நான் வழுக்கினேன்.

கிராமங்களில் எங்களுக்கு "பெல்ட்டுக்காரர்" என்று பெயர். ஒரு தாய் என்னை வாசலில் நிறுத்தி, "இம்புட்டுச் சொல்லுதே, இவன் டியூசனுக்குப் போறேன்னுட்டு எங்கிட்டுப் போறான்னும் சொல்லுமா சார்?" என்று கேட்டார். சொல்லாது என்றதும், "அப்ப எதுக்கு இந்த மிசினு?" என்று உள்ளே போய்விட்டார். ஒரு பையன் பெல்ட்டை ஆட்டுக்குட்டிக்குக் கட்டிவிட்டான். வாரம் முழுக்க ஓயாமல் துள்ளிய பதிவைப் பார்த்து அசந்துபோனோம். இன்னொருவன் மின்விசிறி இறக்கையில் கட்டி மூன்று மணி நேரம் சுற்றவிட்டான். அந்தப் பதிவின்படி அவன் உலக ஓட்ட வீரர்கள் எல்லாரையும் முந்தியிருந்தான். "ஏன்லே இப்படிச் செஞ்சே?" என்று கேட்டதற்கு, "நீங்கதான சார் நல்லா அசையணும்னு சொன்னீங்க" என்றான். பயிற்சி வகுப்பில் நான் சொன்னது இந்தக் கதைகளைத்தான். பிள்ளைகள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்ற கதைகள்.

இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பவர் எங்கள் இயக்குநர் டாக்டர் செலின். கணினி தானாகவே "சரி", "தவறு" என்று தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் டாக்டர் அதை நம்பி ஒரு பதிவைத் தள்ளவும் மாட்டார், சேர்க்கவும் மாட்டார். ஒவ்வொரு பிள்ளையின் வாரத்தையும் நீளத்தாளில் அச்செடுக்கச் சொல்வார். புதன்கிழமைதோறும் நீளமேசையில் தாளை விரித்து, ஒரு மர ஸ்கேலை வைத்து, காலை முதல் இரவு வரை நகர்த்திக்கொண்டே வாசிப்பார். குரல் உயர்த்த மாட்டார். நாங்கள் அவசரப்படுத்தினால் ஸ்கேல் நின்றுவிடும். "இது ஒரு பிள்ளையோட ஒரு நாள். ஒரு நாளை அதைவிட வேகமா வாழ முடியாது, வாசிக்கவாவது செத்த நேரம் எடுத்துக்கலாமே" என்பார். இது பள்ளிக்கு நடந்தது, இது பிரேயரில் நின்றது, இது கணக்குப் பாடத்தில் நெளிந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, கோடுகளுக்குள் ஒரு பிள்ளை எழுந்து நடமாடுவதைப் பார்ப்போம். என் வேலைக்காலத்தில் நான் மிகவும் விரும்பிய நேரம் அந்தப் புதன்கிழமைகள்தான்.

இனி பாண்டீஸ்வரி.

அகரம் பக்கத்துப் பள்ளி. பத்தாம் வகுப்பு. அப்பா செண்டுமல்லி போட்டிருக்கும் விவசாயி. பிள்ளை கபடி ஆடுவாள். ரெய்டு போனால் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள் என்று பள்ளியே சொல்லும். அந்தப் பள்ளியில் முப்பது பேருக்குப் பெல்ட் கட்டியிருந்தேன். இருபத்து நான்கு பேராவது முழுமையாகத் தேறினால்தான் பள்ளி கணக்கில் சேரும். இல்லாவிட்டால் முதலிலிருந்து கட்ட வேண்டும். என் பொறுப்பில் இருந்த எந்தப் பள்ளிக்கும் நான் மறுபடி பெல்ட் கட்டியதில்லை. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதோ ஒரு சாக்கில் சொல்லிக்கொள்வேன். அந்த வாரம் காய்ச்சல், திருவிழா, மறதி என்று ஆறு பேர் விழுந்துவிட்டார்கள். மிச்சம் இருபத்து நான்கு. அதில் ஒருத்தி பாண்டீஸ்வரி. ஓய்வுக்கு எனக்கு நான்கு மாதம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான் பள்ளி வாசல் புளியமரத்தடியில் தேங்காய்ப் பன் தின்றுகொண்டு நின்றேன். பாண்டீஸ்வரி ஓடி வந்து பெல்ட்டை நீட்டினாள்.

"சார், நாளைக்கும் நாளன்னைக்கும் கேம்ப் சார். அடுத்த சனிக்கிழமை கீரனூர்ல மேட்ச். கேம்ப்ல விழுந்து பெரளணும், இது ஒடஞ்சு போகும். பி.டி. டீச்சர் கழட்டிக் குடுத்துரச் சொன்னாங்க."

"ஞாயித்துக்கிழமை ஒரு நாளு கட்டிக்கிட்டா போதுமேம்மா."

"ஞாயித்துக்கிழமையும் கேம்ப்தான் சார். வாரேன் சார்." ஓடிவிட்டாள்.

கருவியை வாங்கியதும் திரும்பப் பெற்ற பதிவேட்டில் கிழமையும் நேரமும் எழுதி, பிள்ளையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையில் பன் இருந்தது. பஸ்ஸும் வந்துவிட்டது. அப்புறம் எழுதலாம் என்று ஏறிவிட்டேன். திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் என் மனம் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. பைக்குள் கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. திங்கள் வரைக்கும் ஓடும். அது இருக்க வேண்டியது ஒரு இடுப்பில். எனக்கும் ஒரு இடுப்பு இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கட்டிக்கொண்டேன். என் மனைவி லூர்து பார்த்துவிட்டு, "இந்த வயசுல அரைஞாணா? உங்க அம்மா கட்ட மறந்துட்டாங்களா?" என்றாள். "சோதனை" என்றேன். பதினைந்து வயதுப் பிள்ளை சும்மா நடந்தால் போதாதே என்று, மலைக்கோட்டை அடிவாரத்தை ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றினேன். பின்கட்டில் நின்று, கயிறு இல்லாமல் கயிறு தாண்டுவது போலக் குதித்தேன். பத்து குதிக்குள் கண்ணில் பூச்சி பறந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பாண்டீஸ்வரியின் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று உண்மையாகவே நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கத்தோடு சிரிப்பும் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் பூசைக்குப் போனேன். பெல்ட் இடுப்பில் இருப்பதே நினைவில்லை. மதியம் பிரியாணி. அப்புறம் இரண்டு மணி நேரம் நல்ல தூக்கம். திங்கள் காலை மற்றப் பிள்ளைகளின் கருவிகளை வாங்கிக்கொண்டு மையத்துக்குப் போய், பதிவேட்டை எடுத்து, "திங்கள், காலை 9.00" என்று எழுதினேன். கையெழுத்துக் கட்டத்தில் "மாணவி தேர்வு எழுதுகிறாள்" என்று எழுதினேன். பேனா எங்கும் தயங்கவில்லை.

புதன்கிழமை டாக்டர் செலின் தாளை விரித்தார். ஸ்கேல் திங்கள், செவ்வாய், புதன் என்று நகர்ந்தது. "நல்லா ஓடுற பிள்ளை" என்று மகிழ்ந்தார். சனிக்கிழமை காலையில் ஸ்கேல் நின்றது.

"ஆரோக்கியம் சார், இங்க பாருங்க. பத்துத் தடவ குதிச்சிருக்கு. அப்புறம் எட்டு நிமிஷம் உக்காந்திருக்கு. கபடி ஆடுற பிள்ளைக்கு இப்படியா மூச்சு வாங்கும்?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

ஸ்கேல் ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. டாக்டர் குனிந்தார். "நிக்கிது. உக்காருது. திரும்ப எழுந்திருக்குது. இப்ப உக்காந்து இருபத்திரண்டு நிமிஷம் அசைவே இல்ல." விரல் நுனியால் தாளைத் தட்டிக்கொண்டே போனார். "எழுந்து நிக்கிது... முழங்கால் போடுது... நிக்கிது... இங்க வரிசைல மெதுவா நடக்குது." நிமிர்ந்தார். "சார், இது பூசை! பிரசங்கம், எழுந்தேற்றத்துக்கு முழங்கால் போடுறது, நன்மை அப்பம் வாங்கப் போறது, எல்லாம் வரிசையா இருக்கு. இருபத்திரண்டு நிமிஷப் பிரசங்கத்துல ஆள் ஆடவே இல்ல. ஒண்ணு பெரிய பக்திமான், இல்லாட்டித் தூங்கிட்டாரு."

மேசையைச் சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு அடங்கியதும், "பாண்டீஸ்வரி சர்ச்சுக்குப் போற வேதக்கார வீட்டுப் பிள்ளை இல்லையே?" என்றார்.

"இல்ல மேடம்."

"அப்ப யாரோ தெரிஞ்ச பெரியவருக்குக் கட்டிவிட்டிருக்கா. மத்தியானத் தூக்கத்தைப் பாருங்க. அறுபது இருக்கும்." பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். திங்கள், காலை 9.00. "நாளைக்குப் போய்க் கேளுங்க. திட்டாமக் கேளுங்க. யாருன்னு தெரிஞ்சா, அந்தப் பெரியவரை ஒரு தடவ இங்க கூட்டிட்டு வாங்க. பத்துக் குதிக்கு இம்புட்டு நேரம் உக்காந்தா நெஞ்சைப் பாக்கணும்."

ஊர் பேர் தெரியாத அந்தக் கிழவனுக்காக அவர் கவலைப்பட்டார். நான் "சரி மேடம்" என்றேன்.

வியாழக்கிழமை பள்ளிக்குப் போனேன். மெதுவாகப் பேசி, பொதுவாக மழுப்பி, பதிவைத் தள்ளிவிட்டு வந்துவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் நான் வாயைத் திறந்தபோது பி.டி. டீச்சர் வசந்தா பக்கத்தில் நின்றார். "வேற ஆள் கட்டின மாதிரி தெரியுது" என்று நான் சொன்ன அரை வாக்கியம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. மைதானத்துக்குக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"ஏய் பாண்டி! இங்க வா. சாரோட மிசினை யாருகிட்டடி குடுத்தே?"

"யாருகிட்டயும் இல்ல டீச்சர். நீங்க சொன்னீங்கன்னு வெள்ளிக்கிழமையே சார்கிட்டக் குடுத்துட்டேன்."

"குடுத்தா ஏன் சார் கேக்க வாராரு?"

பாண்டீஸ்வரி என் பக்கம் திரும்பினாள். கொஞ்சமும் பயமில்லை. சார் இதோ சொல்லிவிடுவார் என்ற நிம்மதிதான் முகத்தில் இருந்தது. "சார், சொல்லுங்க சார்."

நான் சொன்னது இது: "ரிஜிஸ்டர்ல திங்கக்கிழமைன்னு இருக்கும்மா."

நேரடிப் பொய் ஒன்றுகூட அதில் இல்லை. அதனாலேயே அது நான் வாழ்நாளில் சொன்ன மிகப் பெரிய பொய்.

"சார்! வெள்ளிக்கிழமை நீங்க அந்தப் புளியமரத்துக்கிட்ட நின்னு தேங்காய்ப் பன்னு தின்னுக்கிட்டு இருந்தீங்க. ஒங்க சட்டையெல்லாம் தூளு. அதையும் ரிஜிஸ்டர்ல எழுதுனீங்களா?"

"பெரியவங்ககிட்ட என்னடி வாயி!" என்றார் வசந்தா டீச்சர். "பொய் சொல்ற பிள்ளை என் டீம்ல வேணாம். சனிக்கிழமை நீ கீரனூர் வரல. வீட்டுல இரு."

பாண்டீஸ்வரி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீரனூர் போட்டிக்கு விளையாட்டு விடுதித் தேர்வாளர்கள் வருகிறார்கள் என்பதை அன்று பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மற்றப் பிள்ளைகள் பேசிக்கொண்டதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அவள் அப்பா வசதிக்கு அவளை மேலே படிக்க வைக்க அந்த விடுதிதான் வழி என்றும் பேசிக்கொண்டார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. லூர்து கேட்டாள், சொன்னேன். இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். ஓய்வூதியம், நல்ல பெயர், டாக்டர் என்ன நினைப்பார் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தப் பிள்ளை சனிக்கிழமை ஆடணுமா, வேணாமா?"

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் செலின் அறைக்குப் போனேன். "யாருன்னு தெரிஞ்சதா?" என்றார்.

"அந்தப் பெரியவர் நான்தான் மேடம்."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு எழுந்து போய் அந்தத் தாளை எடுத்து விரித்து, சனிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் மறுபடி வாசித்தார். என்னை வைத்துக்கொண்டே என் இரண்டு நாளையும் வாசித்தார். அந்த அளவு நீளமான சில நிமிடங்களை நான் பார்த்ததில்லை. கடைசியில் கேட்டார்:

"நெஞ்சு வலி ஏதும் உண்டா?"

"இல்ல மேடம்."

"சரி. நீங்க கட்டுன எல்லாப் பள்ளியையும் நாங்க திரும்பச் சரிபார்க்கணும். வீடுவீடாப் போன் பண்ணணும். நடந்ததை எழுதி உங்க பேரோட மேலிடத்துக்கு அனுப்பணும். அனுப்புவேன்." குரல் உயரவில்லை. "அதெல்லாம் என் வேலை. நீங்க முதல்ல சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லையே சார். இன்னும் ஏன் இங்க நிக்கிறீங்க?"

பள்ளிக்குப் போனேன். குழு அதற்கு முன்பே வேனில் கீரனூர் கிளம்பிவிட்டது. வசந்தா டீச்சருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. விசாரித்துக்கொண்டு பாண்டீஸ்வரி வீட்டுக்கு நடந்தேன். அவள் அப்பா கருப்பையா மறுநாள் சந்தைக்குப் பூ மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதுபட எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வாங்கியது, நானே கட்டிக்கொண்டு குதித்தது, பதிவேடு, பள்ளியில் வாய்மூடி நின்றது எல்லாம்.

கருப்பையா சாக்கைக் கீழே விட்டார். "நானும் நம்பலயே சார். நரைச்ச தலை, படிச்ச மனுசன், அவரு பொய் சொல்லுவாரா, நீதான் சொல்றேன்னு எம்புள்ளையத் திட்டிட்டேன்."

பாண்டீஸ்வரி சிந்திய பூவைச் சாக்கில் அள்ளிப் போட்டாள். "நீங்க குதிச்சீங்களா சார்?" என்றாள்.

"பத்துத் தடவை."

"பத்துதானா?" என்றாள். முகம் திரும்பியிருந்தது. சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

கருப்பையா அதற்குள் வேறு யோசனையில் இருந்தார். "அப்பு, மேட்ச் எத்தன மணிக்கு?" என்று மகளைக் கேட்டார். "பத்து மணிக்குப்பா." "அப்ப விடியக்காலப் பூ வண்டியில ஏறு. சந்தைல எறங்கி மொத பஸ்ஸப் பிடிப்போம். சார், நீங்களும் வாங்க. வந்து அந்த டீச்சர்கிட்ட ஒங்க வாயால சொல்லுங்க."

சனிக்கிழமை விடியற்காலை திண்டுக்கல் பூச்சந்தை வாசலில் காத்திருந்தேன். செண்டுமல்லி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அப்பாவும் மகளும் இறங்கினார்கள். பழனி பஸ் முழுக்க மொட்டை போடப் போகிற குடும்பங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்கி வண்டி தாமதமானது. கருப்பையா நிமிடத்துக்கு ஒரு தரம் என் கடிகாரத்தைப் பார்த்தார். பாண்டீஸ்வரி என் பக்கத்தில் காலி இருந்தும் உட்காரவில்லை. பழனி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். அங்கே பஸ் மாறிக் கீரனூரில் இறங்கி மைதானம் எங்கே என்று கேட்டதற்கு ஒரு டீக்கடைக்காரர், "ஏனுங்க, கபடிக்குங்களா? அது ஆரம்பிச்சுப் போச்சுங்களே" என்று கை காட்டினார். ஓடினோம். அப்பாவும் மகளும் ஓடினார்கள். நான் முடிந்த மட்டும் பின்னால் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது முதல் பாதி முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பள்ளி ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தது. மூச்சு வாங்க, குழுப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "டீச்சர், பாண்டீஸ்வரி சொன்னதுதான் உண்மை. நான்தான் பொய்."

வசந்தா டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "இம்புட்டு வயசுக்கு வெக்கமா இல்லையா சார் ஒங்களுக்கு?" என்றார். இருக்கிறது என்றேன். அவர் அதற்குள் பாண்டீஸ்வரி பக்கம் திரும்பிவிட்டார். அவள் கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "லிஸ்ட்ல ஒம்பேரு இருக்குடி. அதை அடிச்சுவிட எனக்குக் கை வரல. போ, ட்ரெஸ் மாத்து" என்றார்.

பதினைந்து நிமிட இரண்டாம் பாதி. கபடியில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அசைவைப் பார்த்துப் பிழைத்தவன் நான். அப்படி ஒரு அசைவை நான் எந்தத் தாளிலும் பார்த்ததில்லை. மூன்று பேர் காலைப் பிடித்திருக்க, கோட்டை ஒரு விரலால் தொட்டாள். கருப்பையா என் தோளை விடாமல் குத்திக்கொண்டே இருந்தார். கோபமா மகிழ்ச்சியா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. ஒன்பது இரண்டானது. விசில் ஊதிவிட்டார்கள்.

இரண்டு புள்ளியில் தோற்றோம். தேர்வாளர்கள் ஜெயித்த குழுவிலிருந்து இரண்டு பேரை எழுதிக்கொண்டு போனார்கள். பாண்டீஸ்வரி முழங்கால் புழுதியைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"மொதப் பாதியும் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம் சார்."

கோபமில்லாமல், ஒரு தகவல் சொல்வது போலத்தான் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். அடுத்த வருடம்தான் விடுதிக்குத் தேர்வானாள். ஒரு வருடம் பிந்தியது என்னால். அந்த ஒரு வருடத்துக்காக நான் இன்னும் வருந்துகிறேன். வருந்துவதால் அது அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடாது என்பதும் தெரியும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஏமாற்றுவதைப் பிடிக்க இருபது வழி வைத்திருந்தோம். நரைத்த தலை ஏமாற்றினால் பிடிக்க ஒரு வழியும் வைத்திருக்கவில்லை. எனக்குப் பிறகு டாக்டர் செலின் ஒரு வழி வைத்தார்: கருவியைத் திரும்ப வாங்கும் பதிவேட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, பிள்ளையே எழுத வேண்டும். உங்கள் கைப்பட்டைக் காலத்திலும் அந்த விதி இருப்பதைப் பயிற்சியில் பார்த்தேன். சின்ன விதியாகத் தோன்றும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கீரனூர் போய் வந்த அடுத்த திங்கட்கிழமை, டாக்டர் பாண்டீஸ்வரியையும் அவள் அப்பாவையும் மையத்துக்கு வரவழைத்தார். பதிவேட்டைத் திறந்து வைத்து, திருத்தச் சொன்னார். எங்கள் பதிவேடுகளில் அழிக்கவோ, கிழிக்கவோ, வெள்ளை மை பூசவோ கூடாது. தவறான எழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். நான் "திங்கள், காலை 9.00" மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் "வெள்ளி, மாலை 4.20. மாணவி நேரில் ஒப்படைத்தாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாண்டீஸ்வரி குனிந்து படித்தாள். "பழைய எழுத்தும் தெரியுதே மேடம்?"

"தெரியணும்மா. அதுக்குத்தான் ஒரு கோடு."

அவள் அந்த வரியை விரல் வைத்து மறுபடியும் படித்தாள். பேனாவை என் பக்கமே தள்ளினாள்.

"சார், திருத்துன தேதி போடல."

தேதி போட்டேன். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நேரத்தையும் போடச் சொன்னாள். போட்டேன். அப்புறம்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.